கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஓரகத்தி

வாய்மை பெரிது. தனக்கு ஆதாயம் வருமிடத்து உரைக்கும் வாய்மை எவர்க்கும் எளிது. தன் வீட்டு வாசலில் பழி வந்து அமரும் என்று அறிந்தும், பிறள் ஒருத்தியின் மடி நிறைய வேண்டும் என்பதற்காக உரைக்கும் வாய்மை அரிதினும் அரிது. அத்தகைய வாய்மையை உடையாள் ஒருத்தி எகிப்து நாட்டில், நைலின் மேற்குக் கரையில், ஜிர்ஜா நகருக்கு அப்பால், கரும்பு வயல்கள் சூழ்ந்த ஊரொன்றில் இன்றும் எருமை கறந்து, ரொட்டி சுட்டு, உரக்கச் சிரித்து வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அவள் பெயர் வஜீதா. அவளை அறிந்தவர் பலர். அவளுக்குக் கடன்பட்ட நெஞ்சோடு வாழ்பவர்களில் முதல்வி, அவளுடைய ஓரகத்தி ரஸ்மிய்யா.

அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் ஹிஃப்னிக்கு வஜீதா. இளையவன் பக்ரிக்கு ரஸ்மிய்யா. இருவர்க்கும் மாமி ஒருத்தி, ஹஜ் சென்று வந்ததால் ஹாஜா எனப்படும் தஃபீதா. ஒரே முற்றம், ஒரே அடுப்பு. வஜீதா நெடிய உருவம் கொண்டவள். முற்றத்தில் அவள் சிரித்தால் மாடத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். கைவேலையில் வல்லவள் என்றாலும் முலூக்கியாக் கீரை மட்டும் அவளுக்கு வசப்பட்டதே இல்லை. எப்படிக் கிண்டினாலும் கீரை ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும்.

"இதுல ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடறதா, இல்ல முகம் கழுவுறதா?" என்பாள் மாமி.

"ரெண்டும் செய்யலாம் மாமி, நிறையத்தான் இருக்கு" என்பாள் வஜீதா.

ரஸ்மிய்யா மணப்பெண்ணாய் அவ்வீட்டுக்குள் வந்த வாரத்தில் அந்தப் பிழை நேர்ந்தது. புதுப்பிறை காணும்வரை மணமகளின் அறைக்குள் பச்சை இறைச்சியோ கத்தரிக்காயோ கொண்டு எவரும் நுழையலாகாது. நுழைந்தால் அவள் கருப்பை கட்டுண்டு போகும் என்பது அவ்வூரார் உறுதியாய்ப் பற்றிய நம்பிக்கை. மணமகளோ தேநீர்க் கெண்டியைக் கையில் கவிழ்த்துக்கொண்டு அலறினாள். அப்போதுதான் சந்தையிலிருந்து திரும்பிய வஜீதா, தலையில் இருந்த கூடையை இறக்கவும் மறந்து உள்ளே ஓடினாள். வெந்த கையைத் தண்ணீரில் அமிழ்த்தி ஊதிக்கொண்டிருந்தபோது, வாசலில் மாமி நின்றாள்.

"அடி பாவி! தலையில என்னடி வச்சிருக்க?"

"மாமி, பிள்ளைக்குக் கை வெந்துபோச்சு…"

"வெந்த கை ஆறிப்போகும்டி. நீ போட்ட கட்டு அவிழுமா?"

அப்போதுதான் ரஸ்மிய்யா நிமிர்ந்து பார்த்தாள். கூடை நிறையக் கரிய கத்தரிக்காய்கள் பளபளத்தன.

திங்கள்கள் கழிந்தன, ஆண்டுகளாயின. ரஸ்மிய்யாவின் வயிறு திறக்கவில்லை. கட்டு இட்டவளே கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதும் வழக்கம். ஆதலால் பிறை தோன்றும்தோறும் வஜீதா இளையவளின் நிலைப்படியில் அமர்ந்து ஒரு கத்தரிக்காயை அரிவாள்; ரஸ்மிய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைக் கடந்து செல்வாள். வஜீதா ஒருமுறையும் மறுத்ததில்லை.

"வதக்கி வச்சிருந்தா நம்ம எல்லாருக்கும் ஆகியிருக்கும்" என்று மட்டும் சிரிப்பாள். ரஸ்மிய்யா சிரித்ததில்லை.

அந்நாளில் வஜீதாவுக்கும் பிள்ளை இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். இளையவள் வருவதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஊரார் வழக்கப்படி அவளை உம்மு இன்னார், அதாவது இன்னாரின் தாய், என்று அழைக்க வழியின்றி, வெறும் வஜீதா என்றே அழைத்து வந்தனர். மாமி அவளைப் பாலை ஓரத்துப் பழங்கற்களிடம் அழைத்துப் போவாள். பெயரறியா அரசர்கள் எழுப்பிய மண்டபத்தின் விழுந்த தூண்கள் அவை. மகப்பேறு வேண்டும் பெண்கள் அவற்றைத் தாண்டிக் குதிப்பார்கள். பிறகு, அஸ்யூத் நகரில் இருக்கும் அக்காளுக்கு உடல்நலமில்லை என்று சொல்லி வஜீதா அடிக்கடி வண்டியேறினாள். அடுத்த ஆண்டு அவள் மடியில் பெண் குழந்தை. இறைவன் அளித்த அருட்கொடை என்னும் பொருளில் நிஃமா என்று பெயரிட்டார்கள்.

"கல்லு கைவிடல!" என்று ஊர் முழுதும் கூறிற்று. வஜீதா ஆம் என்றும் கூறவில்லை, இல்லை என்றும் கூறவில்லை.

அன்றிலிருந்து ரஸ்மிய்யாவுக்கும் கல்லே கதி. வெள்ளிதோறும், தொழுகை அழைப்புக்கு முன்னரே புறப்பட்டு, விழுந்த தூண்களைத் தாண்டித் தாண்டி, முழங்கால் சிராய்த்து, கூந்தலெல்லாம் மணலாய்த் திரும்புவாள். முற்றத்தில் நிஃமாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும் வஜீதா அவளைப் பார்த்ததும் சீப்பை நிறுத்திவிடுவாள். அந்தப் பார்வையை இளையவள் செருக்கென்று கொண்டாள்.

ஒருநாள் தொழுவத்தில் வஜீதா மெல்லத் தொடங்கினாள்.

"ரஸ்மிய்யா, ஒரே ஒரு தடவை அஸ்யூத்துக்குப் போய் அங்க இருக்கிற டாக்டரம்மாவப் பாரேன். பக்ரியையும் கூட்டிட்டுப் போ."

"அவரை எதுக்கு? அவருக்கு என்ன குறை? அவர் மீசையப் பாத்தியா?"

"மீசைக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஆஸ்பத்திரில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எவனோடதையோ எவளுக்கோ வச்சிடுவாங்களாம். ஊசி மேல ஊசி போட்டு இருக்கிற கர்ப்பப்பையும் காஞ்சிடுமாம். அல்லாஹ் தராததை டாக்டர்கிட்டப் போய்ப் பிடுங்குறதா? நீ கல்லைத் தாண்டிப் பெத்துக்கிட்ட. எனக்கு மட்டும் ஆஸ்பத்திரி. பூட்டினவளே இப்போ வேற கதவக் காட்டுறா!"

வஜீதாவின் கை எருமையின் மடியில் அப்படியே நின்றது. பால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரஸ்மிய்யா சொன்னவை அவள் ஒருத்தியின் அச்சங்கள் அல்ல. கால்வாய்க் கரையில் துணி துவைக்கும் பெண்டிர் எல்லாரும் அவ்வாறே பேசினர். சிகிச்சைக்குப் போனவள் வாய் திறப்பதில்லை. போகாதவள் கேட்டறிய இடமில்லை. அறிந்தவளின் மௌனத்தின் மேல்தான் அறியாதவளின் அச்சம் வளர்ந்துகொண்டிருந்தது.

கரும்பு வெட்டு முடியும் பருவத்தில் ஹாஜா தஃபீதா ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் கொடியவள் அல்லள். இளைய மருமகளை அருகில் அமர்த்தி, தானே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கூறினாள்.

"உன்னை விரட்டலடி. உன் அறை உனக்குத்தான், உன் மரியாதை உனக்குத்தான். ஆனா என் பக்ரி பேரைச் சொல்ல ஒரு பிள்ளை வேணாமா? அக்கரையில ஒரு பொண்ணு இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கேட்கப் போறோம்."

பக்ரி தலை நிமிராமல் ரொட்டியைக் கரும்புப் பாகில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

அடுத்த நாள் நண்பகலில் வஜீதா வயலுக்கு உணவு கொண்டு சென்றாள். அங்கே நிகழ்ந்ததை அவளே பின்னாளில் ரஸ்மிய்யாவிடம் கூறியிருக்கிறாள்.

"ஹிஃப்னி, நான் சொல்லிடறேன். அந்தப் பொண்ணு கல்லு மேல குதிச்சே ஆயுசைக் கழிச்சுடும் போலிருக்கு. என் மௌனத்தைப் பாத்துத்தானே அது குதிக்குது?"

ஹிஃப்னி பாலாடைக் கட்டியையும் வெங்காயத்தையும் மென்றுகொண்டிருந்தான்.

"உன் விஷயத்தை வெளிய விட மாட்டேன். உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். என் பங்கை மட்டும் சொல்றேன்."

அவன் உண்டு முடித்தான். கால்வாயில் கை கழுவினான். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மீண்டும் கரும்புக்குள் மறைந்தான். அந்த மௌனத்தை வஜீதா மறுப்பென்றே கொண்டாள்.

வியாழனன்று ரொட்டி சுடும் நாள். மண் தட்டுகளின் மேல் மாவு வட்டங்கள் முற்றமெங்கும் வெயிலில் பொங்கிக்கொண்டிருந்தன. அண்டை வீட்டு உம்மு ஸாபிர் அடுப்புக்கு முன்னே அமர்ந்து, நீண்ட கோலால் ரொட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டும் ஊர்ச் செய்திகளை வெளியே எடுத்துக்கொண்டும் இருந்தாள். மாமி மாவு வட்டங்களின் ஓரத்தைக் கீறிக்கொண்டிருந்தாள்.

ரஸ்மிய்யா அறையிலிருந்து வெளிப்பட்டாள். அழுதழுது இமைகள் தடித்திருந்தன. கையில் ஒரு கத்தரிக்காயும் கத்தியும். இரண்டையும் வஜீதாவின் மடியில் எறிந்தாள்.

"இன்னைக்கே அவிழ்த்து விடு! நாளைக்கு அக்கரைக்குப் போறாங்க. நீதானே கட்டின? அவிழ்க்கறப்பவெல்லாம் மனசுக்குள்ள மறுபடி கட்டிடற. உனக்கு ஒண்ணு வந்துடுச்சு, எனக்கு வந்துடக் கூடாது, அதானே?"

உம்மு ஸாபிரின் கோல் நடுவழியில் நின்றது. மாமி, "விடும்மா, ரொட்டி சுடற நேரத்துல…" என்றாள்.

வஜீதா கத்தியை எடுத்துத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"இனிமே நான் இதை அரிய மாட்டேன், ரஸ்மிய்யா. உன்னைக் கட்டினது கத்தரிக்காய் இல்ல. நிஃமாவக் கல்லும் கொடுக்கல. எங்க அக்காவுக்கு ஒரு நோயும் இருந்ததில்ல. நான் போனது ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட்டுக்கிட்டேன். என் கருமுட்டைய வெளிய எடுத்து, என் புருஷனோட வித்தோட சேர்த்து, திரும்ப என் வயித்துலயே வச்சாங்க. என் பொண்ணு அப்படி வந்தவ."

முதலில் தேறியவள் உம்மு ஸாபிர்தான்.

"அடியம்மா! அப்போ அது குப்பிப் பிள்ளையா? யாரோட வித்துன்னு அங்க யாருடி பாத்தா?"

"நான் பாத்தேன். குப்பி மேல அவர் பேரும் என் பேரும் ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொரு கதவுலயும் பேரைக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ள விட்டாங்க. உனக்கு அதுவும் போதாதுன்னா, நிஃமா காதைப் பாரு. முறம் மாதிரி விரிஞ்ச அந்தக் காது இந்த வீட்டு ஆம்பளைங்களத் தவிர இந்த ஊர்ல வேற எவனுக்கு இருக்கு?"

உம்மு ஸாபிர் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மார்க்கத்துக்கு ஆகுமாடி அது?" என்றாள் மாமி, ஈனக் குரலில்.

"முதல்ல அதைத்தான் கேட்டோம் மாமி. பள்ளிவாசல் பெரியவரு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குள்ளயே இருந்தா ஆகும், மூணாவது ஆளோடது கலக்கக் கூடாதுன்னு சொன்னாரு. கலக்கல."

மாமி கையிலிருந்த மாவைப் பிசைந்தபடியே மெல்லத் தலையசைத்தாள். "அப்போ குறை உன்கிட்டதான் இருந்திருக்கு. இத்தனை வருஷமா என் மகன் உனக்காகப் பொறுத்திருக்கான்."

வஜீதா எழுந்து நின்று தலை குனிந்தாள். சத்தியம் அவள் நாவைப் பிடித்திருந்தது. அவள் குனிந்து நின்ற நிலையை ரஸ்மிய்யா கண்டாள். ஒரு சொல் கூறினால் தன்மேல் விழுந்த பழி நீங்கும் என்றிருந்தும் அவள் கூறாமல் நிற்கிறாள் என்பது அப்போது இளையவளுக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் குனிவு குற்றவாளியின் குனிவாக அவளுக்குத் தோன்றவில்லை.

முற்றத்து வாயிலில் காய்ந்த கரும்புச் சருகுக் கட்டொன்று பொத்தென்று விழுந்தது. அதைச் சுமந்து வந்த ஹிஃப்னி அதன் பின்னே நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"உம்மா, குறை என்கிட்ட" என்றான். "இவகிட்ட ஒண்ணுமே இல்ல. என் வித்துல உயிர் ரொம்பக் கொஞ்சம்னு டாக்டர் சொன்னாங்க. வெளிய சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீயும் ஊரும் இவளைச் சொன்னதெல்லாம் என்னைச் சொன்னது. இவ வாங்கிக்கிட்டா."

ஆண்மகன் ஒருவன், பெண்டிர் நடுவே, பட்டப்பகலில் இவ்வாறு கூறி அவ்வூரார் எவரும் கேட்டதில்லை. மாமி கையிலிருந்த மாவைத் தட்டில் போட்டாள். வஜீதா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ரொட்டி! ரொட்டி கருகுது!" என்று உம்மு ஸாபிர் அலறியபின்தான் எல்லாருக்கும் மூச்சு திரும்பிற்று. அன்று அவ்வீட்டார் உண்டது கரிந்த ரொட்டி.

பக்ரி வயலிலிருந்து வந்ததும் ஹிஃப்னி அவன் தோளைப் பற்றினான்.

"நாளைக்கு அக்கரைக்குப் போகல. சனிக்கிழமை நீயும் உன் பொண்டாட்டியும் எங்ககூட அஸ்யூத்துக்கு வர்றீங்க."

"நான் எதுக்குண்ணே? எனக்கு என்ன…"

"எனக்கும் மீசை இருந்துச்சுடா" என்றான் அண்ணன்.

அக்கரைப் பெண் வீட்டாருக்குத் தன் முழங்கால் வலியைக் காரணம் காட்டி ஹாஜா தஃபீதாவே சொல்லியனுப்பினாள். அந்த முழங்கால் அதன் பிறகு அக்கரை திசையில் குணமாகவே இல்லை.

அஸ்யூத்தில் சோதனைகள் நடந்தன. பக்ரியிடம் குறை காணப்படவில்லை. ரஸ்மிய்யாவுக்கு, எப்போதோ வந்து கவனியாது விட்ட நோயால், சினைக்குழாய்கள் இருபுறமும் அடைபட்டிருந்தன. டாக்டரம்மா படம் வரைந்து காட்டியபோது அவள் குலுங்கி அழுதாள்.

"அப்போ குறை என்கிட்டதான், அக்கா."

அக்கா என்று அவள் அழைத்தது அதுவே முதல்முறை.

"குறைன்னு சொல்லாதே. அடைப்புன்னு சொல்லு. வாய்க்கால்ல மண்ணு அடைச்சா வாய்க்காலையா திட்டுவோம்?" என்றாள் வஜீதா. "எத்தனை வருஷம் அந்தக் கல்லுல குதிச்ச? ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குள்ள செத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

வஜீதா பெற்ற அதே சிகிச்சைக்காக எருமைக் கன்றொன்றும் ரஸ்மிய்யாவின் காப்புகளும் விலையாயின. முதல் முயற்சி பலிக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று ரஸ்மிய்யா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எவர்க்கும் முகம் காட்டவில்லை. வஜீதா ஒரு கிண்ணம் முலூக்கியாவுடன் வந்து அருகில் அமர்ந்தாள். கீரை ஒருபுறம், நீர் ஒருபுறம். ரஸ்மிய்யா அதைப் பார்த்தாள். அழுகையினூடே அவள் வாயிலிருந்து சிரிப்பு பீறிட்டது.

"அக்கா, இதுக்குப் பேரு கீரையா?"

"டாக்டருக்கே முதல் தடவை சரியா வரல. என்னை மட்டும் கேளு."

அந்த ஆண்டு வஜீதாவுக்கு இனிய ஆண்டன்று. குப்பிப் பிள்ளை என்று நிஃமாவைத் தெருவில் கேலி செய்தனர். ஒருத்தி தன் மகளை அவளோடு விளையாட விடவில்லை. ஹிஃப்னியைக் கண்டு தேநீர்க் கடையில் சிலர் மீசையை முறுக்கிக் காட்டினர். வீட்டில் எவரும் எதிர்பாராத ஒரு துணை அப்போது எழுந்தது. ஹாஜா தஃபீதா கைத்தடியை ஊன்றித் தெருமுனையில் நின்று முழங்கினாள்.

"என் பேத்தி அல்லாஹ்வோட நாட்டத்துல வந்தவ! குப்பி அவனோடது, டாக்டர் அவனோட அடிமை, என் மருமக அவன் கொடுத்த வரம். இன்னொரு வார்த்தை பேசினவ வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன், என் குலவையும் வராது!"

அவளைப்போல் குலவையிட அவ்வட்டாரத்தில் ஆளில்லை. பேச்சு அடங்கிற்று.

மறு ஆண்டு, இரண்டாம் முயற்சியில், இறைவன் கருணை கூர்ந்தான். ரஸ்மிய்யாவுக்கு ஆண் மகவு பிறந்தது. ஏழாம் நாள், அவ்வூர் வழக்கப்படி, சல்லடையில் குழந்தையைக் கிடத்தி, தானியம் தூவி, உரலொலி எழுப்பிப் பெண்டிர் கூடியபோது, சல்லடையை ஆட்டும் உரிமையை ரஸ்மிய்யா தன் தாய்க்கும் கொடுக்கவில்லை, மாமிக்கும் கொடுக்கவில்லை. ஓரகத்தியின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, வருஷக்கணக்கா உன்னைத் திட்டினேனே" என்றாள் தாழ்ந்த குரலில்.

"எல்லாம் ஞாபகம் வச்சிருக்கேன். இவன் வளரட்டும், இவன்கிட்ட வசூல் பண்ணிக்கறேன்" என்று சல்லடையைக் குலுக்கினாள் வஜீதா. குழந்தை வீறிட்டழுதது. "பாரு, இப்பவே தர மாட்டேங்குறான்!"

கூடியிருந்தவர்களில் யாரோ ஒருத்தி, வழக்கம்போல், எந்தக் கல்லைத் தாண்டியதால் வந்த பேறு இது என்று வினவினாள். ரஸ்மிய்யா தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லாரும் கேட்கும்படி, "ஆஸ்பத்திரில வந்தவன். அஸ்யூத்துல. ரெண்டாவது தடவைதான் தங்கினான். யாருக்காவது விவரம் வேணும்னா எங்க ரெண்டு பேர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றாள். உம்மு ஸாபிர் உடனே எழுந்து தேநீர் கொண்டுவரப் போனாள். போகும் வழியில், தன் தங்கை மகள் ஒருத்தி இருப்பதாக வஜீதாவின் காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றுமுதல் அவ்வீட்டு வாசலுக்குப் பெண்கள் வரத் தொடங்கினர். எருமைப்பால் கேட்பதுபோல் ஒருத்தி வருவாள். ஊசி வலிக்குமா என்பாள். இரவல் சல்லடை கேட்டு இன்னொருத்தி வருவாள். வீட்டுக்காரரை எப்படி அழைத்துப் போவது என்பாள். பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பெறாமலே தேறியவர்களும் உண்டு. வஜீதா அவர்களிடம் பொய் நம்பிக்கை ஒன்றும் சொல்வதில்லை, கையைப் பற்றிக்கொண்டு உடன் அமர்ந்திருப்பாள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமென்றால் ரஸ்மிய்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வண்டியேறுவாள். ஐந்து வேளைத் தொழுகையிலும் தன் மகனுக்காக வேண்டுமுன் ஓரகத்தியின் பெயரைச் சொல்லித்தான் கையேந்துகிறாள்.

அவள் ஏந்திய கைகளோடு நம் கைகளும் சேர்க. பழிக்கு அஞ்சாது உண்மை உரைத்த அந்த வாய்க்கு உணவும் சிரிப்பும் என்றும் குறையாதிருக்க. பட்டப்பகலில் தன் குறையைத் தானே உரைத்த ஹிஃப்னியின் தலை ஊர் நடுவே நிமிர்ந்திருக்க. நிஃமா கற்று உயர்க. அவள் தோழியர் பெருகுக. ஹாஜா தஃபீதாவின் குலவை இன்னும் பல மணவாசல்களில் முழங்குக. அவ்வீட்டு அடுப்பு அணையாதிருக்க, எருமை மடி வற்றாதிருக்க, முற்றத்தில் மழலை ஓயாதிருக்க. துயரோடு அவ்வாசல் மிதிப்பவள் எவளும் தனியளாய்த் திரும்பாதிருக்க. அருளாளன் அவ்வீட்டைத் தன் நிழலில் வைத்து நெடிது காப்பானாக.